யன்னலைப் பூட்டமாட்டோம்

தொண்ணூறுகளில், சுவிற்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலை வேலைக்குப் போன நாங்கள் ஆறு தாய்மார் சேர்ந்து, ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்த நகரசபையிடம் அனுமதி வாங்கினோம். சத்தம் வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். தீர்ப்புக்கு முன் சமரசம் பேசிப் பார்க்கும்படி நீதிபதி எங்களை ஒரே மேசையில் உட்காரவைத்தார்.

“பிள்ளைகளைத் தோட்டத்தில் விடக்கூடாது. யன்னல்களும் பூட்டியிருக்க வேண்டும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

என்னோடு வந்த தோழி, “ஓமெண்டு சொல்லுவம். எங்கட விசாவையும் யோசி” என்று கிசுகிசுத்தாள். எனக்கும் பயம்தான். ஆனாலும் அரைகுறை ஜேர்மன் மொழியில் சொன்னேன்: “பிள்ளைகள் சத்தம் போடத்தான் செய்வார்கள். அதற்காக அவர்களைப் பூட்டி வைக்கமாட்டோம். உங்களுக்கு எந்த நேரம் அமைதி வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.”

அவர், தான் இரவு வேலை செய்பவர் என்றும் மதியம்வரை தூங்குவதாகவும் சொன்னார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் விளையாடக் காலையில் தெருப்பக்க முற்றம், மதியத்துக்குப் பிறகு தோட்டம் என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டோம். யன்னலைப் பற்றி ஒரு வரியும் எழுத நான் விடவில்லை.

வெளியே வந்ததும் தோழி, “நீதிபதிக்கு முன்னாலயும் இப்பிடியோ கதைக்கிறது?” என்றாள்.

“பின்ன எப்பிடிக் கதைக்கிறது?” என்றேன்.