மண்டிச் சாக்கின் ஓட்டை

கோணிச் சாக்கின் நெடி இன்று மூக்கில் ஏறியதும், கம்பம் ஊரில் நெல் மண்டியின் பின்னறையில் முன்பு நடந்த, இப்போது தடமே இல்லாமல் போன அந்தப் பிரவுசிங் சென்டர் நினைவுக்கு வந்தது. பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் நானும் என் வகுப்புத் தோழி ஜெசிந்தாவும் வேற்றுக்கிரகச் சண்டை விளையாடுவோம். நம் படை போகாத இடமெல்லாம் திரையில் கறுப்பாகவே கிடக்கும், எதிரியின் முகாம் எங்கே என்று ஆளனுப்பித்தான் அறிய வேண்டும், அந்தக் கறுப்புக்குத்தான் நாங்கள் அடிமை. அடுத்தவள் திரையை எட்டிப் பார்ப்பதாக ஒருவரையொருவர் ஏசுவது பொறுக்காமல் கடைக்கார அண்ணன் நடுவில் மண்டியின் பழைய சாக்கைத் தொங்கவிட்டார். அப்படியும் என் டாங்கிகள் எந்த வழியில் போனாலும் அங்கே அவள் பீரங்கி காத்திருந்தது.

“ஏண்டி, நான் அங்கன வாரது உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நீ எப்பவும் அப்பிடித்தானடி வருவ,” என்பாள்.

நான் நம்பவில்லை. நெல்லைச் சோதிக்கக் குத்தூசி குத்திய ஓட்டை ஒன்று அந்தச் சாக்கில் சரியாகக் கண் மட்டத்தில் இருந்தது. அது வழியாகத்தான் பார்க்கிறாள் என்று சண்டை போட்டு, அவளோடு பேச்சையே விட்டேன்.

முதல் நாளிலிருந்து அந்த ஓட்டையில் கண்ணை வைத்தவள் நான். அந்தப் பக்கம் ஒருநாளும் அவள் கண்ணைப் பார்த்ததில்லை.