காந்திமதிக்கு வந்த ஓடிபி

என் மனைவிக்குச் சேரவேண்டிய ஆறு குறுஞ்செய்திகளை நான் மறைத்தேன். தெரிந்தே மறைத்தேன். இரண்டை வாயால் மறைத்தேன்; நான்கைக் கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தி மறைத்தேன்.

நான் யாரென்று தெரிந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எந்தச் சான்றுக்கு எந்தப் படிவம், எதற்கு எத்தனை நகல் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஏர்வாடிக் கடற்கரையில் காலையில் என்னோடு நடப்பவர்கள் கைபேசி மோசடியைப் பற்றி என்னிடம் பாடம் கேட்காமல் வீடு திரும்பியதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கு நான் எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. காணொளி அழைப்பில் காக்கிச் சட்டையோடு வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுகிறானே, அவனைப் பற்றி மட்டும் நான்கு கடிதங்கள்.

“சார் வீட்டுல மிக்ஸிக்கும் பாஸ்வேர்டு இருக்காம்ல” என்பார்கள் கூட்டாளிகள். நானும் சிரிப்பேன். பெருமையாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவன் செய்ததைக் கேளுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம் நடந்தது. காந்திமதியிடம் கைபேசி எண் கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் என் எண்ணைச் சொன்னேன். அவளிடம் அப்போதே ஒரு பட்டன் போன் இருந்தது. இருந்தும் என் எண்ணைச் சொன்னேன். பிறகு எரிவாயு, வங்கி, குடும்ப அட்டை என்று எல்லாவற்றிலும் அவள் பெயருக்கு நேரே என் எண்தான். அது தவறென்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. நம் வீடுகளில் வேறெப்படி நடக்கிறது, சொல்லுங்கள்?

போன வருடம் மாசியில் ஒரு வியாழக்கிழமை, பக்கத்து வீட்டுத் தையல்காரி பாத்திமாவோடு நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அரை மணி நேரத்தில் என் கைபேசி கிணுகிணுத்தது. ஆதார் ஓடிபி. கடைசி நான்கு எண்கள் அவளுடையவை. யாரோ மோசடிக்காரன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். உள்ளூர ஓர் உற்சாகம்கூட... கடைசியில் என் வீட்டுக்கும் ஒருவன் வந்துவிட்டான்!

அடுத்த நொடி அவளே அழைத்தாள்.

“ஏங்க, ஒங்க போனுக்கு ஏதும் நம்பரு வந்துச்சா?”

“எதுக்கு?”

“ரேசன் கார்டு விசயமாத்தான். சும்மா.”

பின்னாலிருந்து இ-சேவை மையத்துப் பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது. “எல்.எல்.ஆருக்குன்னு சொல்லுங்கம்மா, பத்து நிமிசந்தான் டயம்.”

எல்.எல்.ஆர்... பழகுநர் உரிமம். அறுபத்து மூன்று வயதில் காந்திமதி வண்டி ஓட்டப் போகிறாள்!

நொடியில் எல்லாம் கூடி வந்தது. சேலைக் கரையில் ஒட்டியிருந்த கண்மாய்ப் புழுதி. ஆட்டுக்கல் இடித்ததாகச் சொன்ன கணுக்கால் சிராய்ப்பு. மாலையானால் பாத்திமா வீட்டு வாசலிலிருந்து காணாமல் போகும் ஸ்கூட்டி. தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் இரண்டு பெண்களும் வட்டம் அடித்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் துப்புச் சொல்லும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“ஒண்ணும் வரலையே” என்றேன்.

இன்னொரு முறை அனுப்பச் சொன்னாள். வந்தது. “இப்பவும் வரல” என்றேன். எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவள் விழுந்துவிடுவாள் என்று பயந்தேன் எனலாம். முதல் வாரம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உங்களிடம் அதைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். நாற்பது ஆண்டுகள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மனுதாரர்கள் நின்றார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் ஒருவரும் இல்லை. அதன் பிறகும் என்னிடம் மனுப் போட ஒருத்திதான் மிச்சம்... “ஏங்க, சிக்கல் வரைக்கும் கொண்டுபோய் விடுறீங்களா?” அவளும் வண்டி ஏறிப் போய்விட்டால் நான் எதற்கு?

சிக்கல் என்ற ஊரில் அவளுடைய அக்கா செல்லம்மாள் இருக்கிறாள். வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையோடு கிடக்கிறாள். அவள் குழறுவது காந்திமதி ஒருத்திக்குத்தான் முழுதாகப் புரியும். நேரடிப் பேருந்து எப்போதோ ஒன்று வரும். அதனால் என் பழைய ஸ்கூட்டர், என் நேரம், என் மனநிலை. “இன்னைக்கு வெயிலு, நாளைக்குப் பாப்போம்” என்று நான் சொன்ன நாட்களுக்குக் கணக்கில்லை.

அன்று வீடு திரும்பியவள் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாள், “அந்த மிசினு என் பேர எடுக்க மாட்டேங்குதுங்க.” நான் சர்வரைப் பற்றி, நெரிசலைப் பற்றி, கைபேசிக் கோபுரங்களைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். “ஒங்களுக்குத் தெரியாததா” என்றாள்.

இரண்டே சொற்கள். இன்றுவரை எனக்கு அவை சீரணமாகவில்லை.

அங்கேயாவது நிறுத்தினேனா? இல்லை. அவள் மறுபடி முயல்வாள் என்று தெரியும். அன்று மாலையே அந்தச் செய்தி அனுப்பும் முகவரியைக் கைபேசியில் தடுத்து வைத்தேன். தடுத்தால் செய்தி வரும்; ஆனால் சத்தம் போடாமல் தனியறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த அறையை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அடுத்த வியாழன் வந்தது. “ஒங்க போன ஒரு மணி நேரம் தாங்க. பாத்திமா ரவிக்கைய எல்லாம் படம் புடிக்கணுமாம். ஒங்களுதுல தெளிவா விழும்.”

“தாராளமா எடுத்துட்டுப் போ” என்றேன். எவ்வளவு பெருந்தன்மை, பாருங்கள்!

திரும்பி வந்து கைபேசியை மேசையில் வைத்தாள். துடைத்து வைத்தாள். படம் ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. அவள் கொல்லைப்புறம் போனதும் அந்த அறையைத் திறந்தேன். நான்கு ஓடிபிகள் வரிசையாகக் கிடந்தன. பத்துப் பத்து நிமிடம் உயிரோடு காத்திருந்து செத்தவை. அப்படியானால் நாற்பது நிமிடம் அந்த மையத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் முயலவில்லை. சில நாட்கள் கழித்துப் பாத்திமாதான் மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டாள். “ஊருக்கெல்லாம் மனு எழுதிக் குடுக்குறீக. அக்காவுக்கு ஒரு ரேசன் கார்டு வேலைய முடிச்சுக் குடுக்க ஏலலையாக்கும், அண்ணே?”

காந்திமதி அவளை அடக்கினாள். “அவுக என்ன செய்வாக? சர்வரு அப்படி.”

நான் கற்றுக்கொடுத்த சொல். என்னைக் காப்பாற்ற அவளே எடுத்துக் கொடுக்கிறாள்...

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் வந்திருக்க மாட்டேன். பங்குனியில் ஒரு நாள் சிக்கலுக்குப் போயிருந்தோம். வழக்கம்போல் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அக்காள் தங்கை இருவருக்கும் செய்தித்தாளை வாசித்துக் காட்டினேன். எங்கோ லட்சக்கணக்கானவர்களின் விவரங்கள் கசிந்துவிட்டனவாம். தனிமனித அந்தரங்கம் இந்நாட்டில் எப்படிச் சீரழிகிறது என்று கொஞ்சம் விளக்கமும் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள்.

பிறகு டீ குடிக்கக் கடைக்குப் போனேன். திரும்பும்போது சன்னல் வழியே சிரிப்புக் கேட்டது. செல்லம்மாளின் ஒருபக்கச் சிரிப்பு. அதற்கு மேலே காந்திமதியுடையது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, திருமணமாகி முப்பத்தொன்பது ஆண்டுகளில். வாசலில் செருப்பைக் கழற்றினேன். சிரிப்பு நின்றது.

“என்ன, ஒரே சிரிப்பு?”

“அது எங்களுக்குள்ளங்க” என்றாள் காந்திமதி. கோபமாக இல்லை. மெதுவாக, அன்பாகத்தான் சொன்னாள். செல்லம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் புரிந்தது. வண்டி ஓட்டுவதல்ல அவள் கேட்டது. தனியே போவது. அக்காவோடு ஒரு மணி நேரம், நடுவில் நான் இல்லாமல்... கடிதம் கடிதமாக ஊருக்கு நான் வாங்கிக் கொடுக்கப் பார்த்த உரிமை அதுதானே? அதை ஒருத்தி தன் பாட்டுக்குத் தானே வாங்கப் போனபோது வழியை அடைத்தவன் நான். எந்த மோசடிக்காரனும் இல்லை.

வைகாசியில் அலமாரியில் எதையோ தேடும்போது அவளுடைய மருத்துவச் சான்று கிடைத்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அதை இணைக்க வேண்டும். படிவம் சரியானது, கையொப்பம், முத்திரை எல்லாம் இருந்தன. என்னைக் கேட்காமல், ஒரு பிழையும் இல்லாமல் முடித்திருந்தாள். என் அலுவலகத்தில் இப்படி ஓர் எழுத்தர் இருந்திருந்தால் கொண்டாடியிருப்பேன். மடித்து அதே இடத்தில் வைத்தேன்.

பரிகாரம் மிக எளிது. ஆதாரில் கைபேசி எண்ணை மாற்ற ஒரு படிவம், ஒரு கைரேகை, ஒரு முற்பகல். அவள் எண்ணை எழுதி அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டேன். என் கடிதக் கோப்பில் மேலேயே இருக்கிறது. ஆனால் அவளைக் கூட்டிப் போய் நிறுத்தினால் கேட்பாள், “இப்ப எதுக்குங்க இது?” அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே நாளை, நாளை என்று ஓர் ஆண்டு ஓடிவிட்டது. மற்றவர்களின் மனுக்களை இப்படிக் கிடப்பில் போட்டவர்களுக்கு நான் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறேன்.

நேற்றும் சிக்கலுக்குப் போனோம். இப்போதெல்லாம் வெயில் என்று சாக்குச் சொல்வதில்லை. அங்கே போனதும் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறேன். அதை ஒரு நல்ல செயலாக என் பெயரில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

பின்னால் உட்கார்ந்து என் தோளில் கை வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. வெயில் கண்ணில் அடிக்க, நான் அதைப் பார்ப்பதற்குள் என் தோளில் நான்கு விரல்கள் மடங்கி இறுகின. மெல்ல, அளவாக, வண்டி குலுங்காத அளவுக்கு. பயந்துபோய்ப் பிடித்த பிடி அல்ல அது. பிரேக் பிடிக்கத் தெரிந்தவளின் பிடி.

வேகத்தடை தாண்டியதும் விரல்கள் விட்டன. அடுத்ததற்கும் எனக்கு முன்பாகவே அவைதான் இறுகின.