தறி ஓடாத நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில், பாதியில் நின்றிருந்த நாவலை முடித்தே தீருவதென்று பள்ளிக்கூட வேலைக்குச் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு ஜலகண்டாபுரத்தில் ஓர் அறை எடுத்தேன். வாடகை குறைவு. ஏன் குறைவு என்பது முதல் நாள் காலையில் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிப் பட்டறை. தறிகள் ஓட ஆரம்பித்தால் மேசைமேல் வைத்த தம்ளர் தானாக நகரும்.

விடுப்பு முடிவதற்குள் புத்தகம் முடியாவிட்டால் இனி எப்போதும் முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் தறிக்காரர்களைப் பார்த்து நானும் ஷிப்டு வைத்துக்கொண்டேன். காலையில் தறி ஓடத் தொடங்கும்போது உட்காருவேன். அவர்கள் சோற்றுக்கு நிறுத்தும்போது நானும் மெஸ்ஸுக்குப் போவேன். மறுபடி பொழுது சாயும்வரை எழுத்து. இரவு ஷிப்டு சத்தத்துக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூக்கம். எழுதுகிறவனுக்குத் தனிமை வேண்டும் என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவன்தான் நான். கிடைத்தபோது கசந்தது. சில நாள், மெஸ்ஸில் சோறு போடுகிறவரிடம் "போதும்" என்று சொன்னதுதான் பகல் முழுக்க நான் பேசிய ஒரே வார்த்தை.

சாயங்காலம் மட்டும் பட்டறைக்காரர் வருவார். என் வயதுதான் இருக்கும். கதை படிக்கிற பழக்கமே கிடையாது. ஆனாலும் டீக்கடைக்கு நடக்கும்போது, "இன்னைக்கு எத்தனை மீட்டர் ஓடுச்சுங்க சார்?" என்று கேட்பார். நான் பக்கக் கணக்கைச் சொன்னால், போன வாரத்தைவிடக் குறைச்சல் என்று மிரட்டுவார். தெருக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை நிறுத்தியவரும் அவர்தான். பொழுது சாய்வதற்குள் என் கதவை யாரும் தட்டக் கூடாதென்று உத்தரவே போட்டிருந்தார்.

பங்குனியில் ஒரு நாள் காலையில் தறி ஓடவில்லை. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் அது அடிக்கடி நடப்பதுதான். அந்த அமைதி எனக்குப் பெரிய வரமாகத் தெரிந்தது. மெஸ்ஸுக்குக்கூடப் போகவில்லை. கடைசி அத்தியாயம் மளமளவென்று வந்து, வெயில் இறங்கும்போது முடிந்தேவிட்டது. அவரிடம் சொல்ல வேண்டுமென்று செருப்புப் போடாமல் ஓடினேன்.

பட்டறை பூட்டியிருந்தது. தெருவில் ஆளே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. ஈரத் தலையோடு அவருடைய தம்பி இறங்கி வந்தார். ராத்திரி அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்ததாம். சேலத்துக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கும் சொந்தத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டுத் தெருவே திரும்பி வந்திருக்கிறது.

என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"கூப்பிடலாம்னுதானுங்க வந்தோம். உங்க கதவத் தட்டக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருந்தாங்களே. அதான் சத்தமில்லாம போயிட்டோமுங்க."

தம்பியிடம் கோபப்பட என்ன இருக்கிறது? அறைக்குத் திரும்பினேன். எழுதி முடித்த காகிதக் கட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இத்தனை மாதத்தில் அந்த ஊரில் நான் சம்பாதித்தது ஒரே ஒருவரை.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பி, விசாரித்து விசாரித்து அந்தத் தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் மாமன், மச்சான், பங்காளி என்று ஆளுக்கொரு முறையில் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்தார்.

"நீங்க யாருங்க சாமி?"

பக்கத்து ரூமுக்காரன் என்றேன். அழுகையில் அதுகூடச் சரியாக வெளியே வரவில்லை.