ஒற்றைத் தும்மல்

குமாரபாளையத்தில் விசைத்தறி நின்றுபோனால் பட்டறைக்காரர்கள் முதலில் கூப்பிடுவது பிட்டர் அன்பரசுவைத்தான். ஆனால் அவன் ஊரில் பெயர் வாங்கியது அந்த வேலையால் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்த ஒரு காரியத்தால்.

ஓமலூர்ப் பக்கம் ஒரு வீடு. பெண்ணின் பெயர் அறிவுச்செல்வி, பி.காம். முடித்து ஜவுளிக்கடை ஒன்றில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள், வயது இருபத்தாறு. காப்பித் தட்டோடு வந்தாள், மாப்பிள்ளை முன்னால் குனிந்தாள், தும்மினாள். ஒரே ஒரு தும்மல். இரட்டையாக வந்திருந்தால் நல்ல சகுனம் என்று எல்லோரும் சிரித்திருப்பார்கள். அன்பரசுவின் அம்மா மயிலம்மாள், இன்னொன்று வந்து தொலையட்டும் என்று அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. காப்பியைத் தொடாமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"எந்திரி சாமி, போலாம். ஒத்தத் தும்மலு ஆகாது."

"எனக்கு இந்தப் பொண்ணுதாம்மா" என்றான் அன்பரசு.

பெண்ணின் அப்பா வெங்கடாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஜாதகம், பல்லி, ராகுகாலம் என்று ஏற்கெனவே வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போயிருந்த வீடு அது. "சகுனத்தத் தூக்கிக் குப்பையில போட்டீங்க மாப்ள" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். செய்தி ஊருக்கு வந்து சேர்ந்ததும் பகுத்தறிவு பேசும் அன்பர்கள் சும்மா விடுவார்களா? கூட்டம் போட்டு, மேடையேற்றி, துண்டு போர்த்தினார்கள். அன்பரசு மைக் முன்னால் நின்று நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினான். என்ன அடக்கம் பாருங்கள் என்று அதற்கும் கை தட்டினார்கள்.

உண்மையில் பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அவன் கிளம்புவான். விஷயம் வேறு. பெண் தும்முவதைப் பார்த்தால் அவனுக்கு ஆசை கிளம்பும். மூக்கு விடைப்பதும், கண் சொருகுவதும், அடக்கப் பார்த்து முடியாமல் போவதும் அவனை என்னவோ செய்தன. ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஒருவனுக்குக் கூந்தல், ஒருவனுக்குக் குரல், இவனுக்கு இது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? கல்யாணம் ஆன பிறகும் வாயைத் திறக்கவில்லை.

அறிவுச்செல்விக்கு அவன் மேல் பெருமை தாங்கவில்லை. தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிற ஒவ்வொருத்தியிடமும், "எனக்காகப் பெத்த தாயவே எதுத்துப் பேசுனவருங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். அவள் தன்னை மதிப்பதே அந்த ஒரு நாளை வைத்துத்தான் என்று அன்பரசு நினைத்தான். உண்மை தெரிந்தால் அத்தனையும் போய்விடும் என்று பயந்தான். பயம் நியாயமானதுதான்.

அத்தோடு நின்றிருந்தால் எழுத ஒன்றுமில்லை. கல்யாணத்தோடு கடை வேலையை விட்டு வந்தவள் வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அவளைத் தான் வேலை பார்க்கும் பட்டறையிலேயே தார் சுற்றச் சேர்த்துவிட்டான். ஊடைநூலைச் சிறு குச்சிகளில் சுற்றித் தறிக்குக் கொடுக்கும் வேலை. பஞ்சு பறக்கும் இடம். அவள் நாளெல்லாம் தும்மினாள். பழுதே இல்லாத தறியையும் பழுது பார்க்கிற சாக்கில் அவன் ஸ்பேனரோடு அந்தப் பக்கமே சுற்றினான்.

இரண்டாம் வருடம் இருமல் சேர்ந்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்தாள். பனிக்காலத்தில் நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

"ஏனுங்க, டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டலாமுங்களா?"

"பஞ்சுத் தூசிக்கெல்லாம் யாரு டாக்டர்கிட்ட போறாங்க? பழகிக்கும் உடு."

ஊரே சொல்கிற பதில் அது. தறி ஓடுகிற ஊரில் தும்மலும் இருமலும் வியாதிக் கணக்கில் வராது. அதனால் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

இதற்கிடையில் ஒரு நாள் செல்போனில் தேடிப் பார்த்ததில், தன்னைப்போல் ஆசை உள்ளவர்கள் உலகத்தில் வேறு மூலைகளிலும் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டான். சந்தோஷமாக இருந்தது. அதே பக்கத்தில் நோய் என்ற சொல்லும் இருந்தது. தறிக்குச் சாமான் வாங்குவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறி, சேலத்தில் மனநல மருத்துவர் மெஹ்ரீன் முன்னால் போய் உட்கார்ந்தான். பெண் டாக்டர் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பாதி நேரம் மேசையிடமே பேசினான். அவர் சிரிக்கவில்லை.

"பாதம், துணி, இந்த மாதிரி ஆசைங்க நிறையப் பேருக்கு இருக்கு. அதனால எங்க புத்தகத்துல அதுக்குத் தனிப்பேர் இருக்கு. உங்களது அபூர்வம். 'மற்றவை'ங்கற தலைப்புலதான் வரும்."

தனிப்பேர்கூட இல்லையா என்று அன்பரசுவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

"ஆனா ஆசை இருக்கறதாலயே நோய்னு எழுதிட மாட்டோம். இதனால நீங்க உள்ளுக்குள்ள நொந்து போறீங்களா? இல்ல, வேற யாருக்காவது கெடுதல் வருதா? இதைத்தான் முதல்ல பாப்போம். ரெண்டும் இல்லன்னா இது வெறும் ஆசைதான்."

"ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் இல்லீங்க டாக்டர்" என்றான் வேகமாக.

"உங்க மனைவி எதனால இவ்வளவு தும்முறாங்க?"

"பட்டறைல பஞ்சுத் தூசிங்க. இப்பக் கொஞ்சம் மூச்சும் வாங்குது."

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

அவன் மறுபடியும் மேசையைப் பார்த்தான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"முதல்ல அவங்களை நெஞ்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அப்புறம் இங்க வாங்க."

வீட்டுக்கு வந்ததும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். அறிவுச்செல்விக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதான பாத்தேன். அன்னைக்கு எங்கூட்ல அத்தன பேருக்கு முன்னால எனக்காக..." என்று அவள் பழைய கதையை ஆரம்பிக்க, அன்பரசுவால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தும்மல், தார் வேலை, டாக்டர், மற்றவை என்கிற தலைப்பு, எல்லாம்.

அவள் முதலில் சிரித்தாள். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். "அப்பறம் எதுக்குங்க மேடையேறித் துண்டு போட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டு மறுபடியும் சிரித்தாள். அவனுக்கு உயிர் வந்தது. பிழைத்தோம் என்று நினைத்தான்.

சிரிப்பு நின்ற பிறகு அவள் அவனுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"தும்முறது புடிக்குமுன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா மொளகாப் பொடிய மோந்துட்டாவது தும்மியிருப்பேன். அதுல எனக்கென்ன போச்சு? நாஞ் சாமத்துல எந்திரிச்சு உக்காந்து மூச்சுக்குத் தவிச்சப்ப, பழகிக்கும்னு சொன்னீங்களே. அது எந்தத் தலைப்புலங்க வரும்?"



காலையில் அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொன்னாள். அன்பரசு சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெங்கடாசலத்துக்குச் சத்தமாகப் பேசித்தான் பழக்கம். போனுக்குள் அவர் கேட்டது வாசல் வரைக்கும் கேட்டது.

"மாப்ளயும் கூட வாராரா கண்ணு?"

"இல்லப்பா. நீங்க மட்டும் வாங்க."