ஹர்கிஷன்பாயின் ஹார்மோனியம் போன வீடு

ஹர்கிஷன் ராய்சுராவைப் பற்றி லெஸ்டரில் யாரைக் கேட்டாலும் நல்லவர் என்பார்கள். ஒருவரை எல்லோரும் சேர்ந்து நல்லவர் என்றால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். என் புத்தி அப்படி. கொத்தமல்லிக் கட்டைக்கூட நடுவில் பிரித்துப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. மனிதர்களை மட்டும் ஏன் கட்டோடு வாங்க வேண்டும்?

உகாண்டாவிலிருந்து எங்களைத் துரத்தியபோது, தன் அப்பாவின் கோட்டைத் தொளதொளவென்று மாட்டிக்கொண்டு இந்த வெள்ளைக்கார ஊரில் வந்து இறங்கியவர் அவர். முதலில் பனியன் மில்லில் வேலை. பிறகு ஓய்வு பெறும்வரை நகரப் பேருந்து ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "எல்லாரையும் ஏத்தி இறக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன், வண்டி காலி" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை.

அவருக்கு வீடு என்றால் எங்கள் கலா மண்டலம்தான். குஜராத்திகள் நாலு பேர் கூடித் தொடங்கிய தொண்டு அமைப்பு அது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கோலாட்டம் சொல்லித் தருவோம், முதியோர் இல்லங்களில் பாடுவோம், தீபாவளி சமயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் கதக் ஆடிக் காட்டுவோம். நவராத்திரியில் பள்ளிக்கூட ஹாலின் நடுவே மாதாஜி அம்மனை வைத்து, அவளைச் சுற்றிச் சுற்றி ஊரே கர்பா ஆடும். அத்தனைக்கும் ஹார்மோனியம் ஹர்கிஷன்பாய். எங்களுக்குள் ஆண்களெல்லாம் பாய், அதாவது அண்ணன்; பெண்களெல்லாம் பென், அக்கா. வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பஸ் ஓட்டும்போதாவது திறந்து வைத்திருந்தாரா என்று நான் கேட்பதுண்டு. அதற்கு மட்டும் அவரும் சிரிப்பார்.

ஹாலில் எங்கள் சாமான்கள் இருக்கும் அலமாரிக்கு என்னிடம் ஒரு சாவி, அவரிடம் ஒரு சாவி. நவராத்திரி நெருங்கிய சமயத்தில் ஒரு நாள் ஹார்மோனியத்தை வெளியே எடுத்தேன். மேலே போர்த்திய துணி நான் மடிக்கும் விதத்தில் இல்லை. துருத்தி மடிப்பில் ஊதுபத்திச் சாம்பல். அந்த ஹாலில் ஆரத்திக்குக்கூட மின்சார விளக்குதான்; ஊதுபத்தியே கொளுத்த முடியாது. கொளுத்தினால் அபாய மணி அலறி, தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்றுவிடும். அப்படியானால் பெட்டி வெளியே போய் வந்திருக்கிறது.

எங்கே போயிருக்கும்? எனக்கு ஒரே இடம்தான் தோன்றியது. எங்களுடன் சேர்ந்து மண்டலத்தைத் தொடங்கிய சந்திரவதன்பாய், ஒரு நவராத்திரியில் தலைவர் கிரீட்பாய்க்கு முதலில் தர வேண்டிய ஆரத்தித் தட்டைத் தன் மனைவி கையில் கொடுத்துவிட்டார். அதோடு வந்தது சண்டை. அவர் பிரிந்து போய் வேறு ஹாலில், அதே நாட்களில், தனி மண்டலம் ஆரம்பித்தார். அன்றிலிருந்து அந்தப் பக்கத்துக் கல்யாணத்துக்கு நாங்கள் போவதில்லை, இந்தப் பக்கத்துச் சாவுக்கு அவர்கள் வருவதில்லை. போன வாரம் சந்திரவதன்பாயே இறந்துபோனார். எங்களில் யாரும் போகவில்லை.

நேராகக் கிரீட்பாயின் மருந்துக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சந்திரவதன் போயிட்டான், அவன் மண்டலம் போகலையே. நம்ம ஆளை வளைச்சுப் போடப் பாக்கிறாங்க, நிருபென். இந்த வருஷம் நம்ம கர்பாவுக்கு டேப் ரெக்கார்டரைத்தான் போடணும்."

"இன்னும் உறுதியாத் தெரியல."

"அப்ப கையும் களவுமாப் பிடிங்க. அவங்களுக்காக வாசிக்கிறார்னு தெரிஞ்சா, இனி நம்ம மேடையில அவருக்கு இடம் இல்ல. நானே சொல்லிடுறேன்."

அந்த மேடையை எடுத்துவிட்டால் ஹர்கிஷன்பாயிடம் மிஞ்சுவது ஒரு கட்டிலும் கெட்டிலும்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றேன்.

மறுநாள் சாயங்காலம் ஹாலுக்கு எதிரே இருந்த புடவைக் கடையில் நின்று கவனித்தேன். காய்கறி வாங்கும் சக்கரப் பையில் ஹார்மோனியத்தை வைத்து இழுத்துக்கொண்டு வந்தார். மேலே கண்துடைப்புக்கு இரண்டு கீரைக்கட்டு. திருட்டு வேலைக்குக் கீரை வேறா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பெல்கிரேவ் ரோட்டுக் கடைத்தெருவை விட்டு விலகிச் சந்துகளில் நடந்தார். முழங்கால் வலிக்காரர், பத்தடிக்கு ஒருமுறை நிற்பார். நானும் கிடைத்த குப்பைத் தொட்டிக்கெல்லாம் பின்னால் நின்றேன்.

கடைசியில் அவர் நுழைந்த வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஜன்னலில் வெள்ளை உடை உடுத்தியவர்களின் தலைகள். அது சந்திரவதன்பாயின் வீடு. இந்த நாட்டில் தகனத்துக்கு நாள் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தினமும் சாயங்காலம் சாவு வீட்டில் பஜனை நடக்கும்.

சாவு வீட்டுக்குப் போன வாத்தியத்தை மாதாஜி முன்னால் வைக்கக் கூடாது. எங்கள் மண்டலத்தில் யாரும் மீறாத வழக்கம் அது. மனிதர் எதிரி வீட்டுக்குப் போனதோடு நிற்காமல், பெட்டியையும் தீட்டாக்கிவிட்டார்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது கதவு திறந்தது. சந்திரவதன்பாயின் மனைவி தாராபென். என் சிவப்புக் கம்பளிச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். துக்கம் கேட்க யாரும் சிவப்பில் வருவதில்லை.

"உள்ள வாங்க, நிருபென்" என்றார்.

ஹர்கிஷன்பாய் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தாராபென் என் கையைப் பிடித்து நேரே சமையலறைக்குள் இழுத்துப் போனார்.

"உண்மையைச் சொல்லுங்க. இவரை எதுக்கு அனுப்பியிருக்கீங்க?"

"யாரை?"

"ஹர்கிஷன்பாயைத்தான். தினம் வர்றாரு. ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல, யார்கிட்டயும் பேசுறதில்ல. பாடுறாரு, போறாரு. எங்க வீட்டுக்கு எத்தனை பேர் வந்தாங்க, யார் யார் அழுதாங்கன்னு உங்க கூட்டத்துல போய்ச் சொல்லத்தானே? நாளையிலேருந்து வாசப்படி மிதிக்க விடக் கூடாதுன்னு என் பையன் குதிக்கிறான்."

என் சந்தேகத்தை அப்படியே திருப்பிப் போட்டு அந்த அம்மாள் கையில் யாரோ கொடுத்ததுபோல இருந்தது.

"கிரீட்பாய் அனுப்பினாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

இல்லை என்று சொல்லலாம். அதுதான் உண்மை. ஆனால் சொன்னால் நம்புவாரா? நாளைக்கு இந்த வீட்டுக் கதவும் அவருக்குச் சாத்தப்படும். எங்கள் கதவைச் சாத்தத்தான் நானே வந்திருக்கிறேன்.

"ஆமா" என்றேன். "கிரீட்பாய்தான் அனுப்பினார். 'எந்த முகத்தோட நான் போவேன், நீயாவது போய்ப் பாடு'ன்னார்."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. தாராபென் அப்படியே பெரிய மாவு டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியில கடைசி நாள் வரைக்கும் கதவையே பார்த்துக்கிட்டுக் கிடந்தாரு. யாரைத் தேடுறீங்கன்னு கேட்டா வாயைத் திறக்கல. கிரீட்பாயைத்தான்னு எனக்குத் தெரியாதா?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

பஜனை முடிந்து தெருவுக்கு வந்ததும் ஹர்கிஷன்பாய் என்னைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து நீட்டினார்.

"கொடுத்துடலாம்னுதான் இருந்தேன், நிருபென். பெட்டிக்கும் தீட்டு, எனக்கும் தீட்டு. நவராத்திரிக்கு வேற ஆளைப் பாருங்க."

"எதுக்கு இந்த வேலை? உங்களுக்கு அவர் யாரு?"

"மில்லுல பக்கத்துப் பக்கத்து மிஷின். ரெண்டு பேரும் நாள் பூரா பாடுவோம். மிஷின் போடுற சத்தத்துல அவன் பாடுறது எனக்குக் கேக்காது, நான் பாடுறது அவனுக்குக் கேக்காது." சக்கரப் பையின் கைப்பிடியைச் சரிசெய்தார். "இப்ப சத்தம் இல்ல."

"மேடை இல்லாம என்ன பண்ணுவீங்க?"

"பஸ்ல சுத்துவேன். கிழவனுங்களுக்கு இலவசம்தானே."

இதற்கும் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் முகத்தை நான் பார்த்தேன், அதில் சிரிப்பு இல்லை. சாவியை வாங்காமல் நடந்தேன்.

காலையில் கிரீட்பாய் கடையைத் திறந்தவுடன் போய் நின்றேன்.

"பிடிச்சீங்களா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டைச் சொன்னேன், பெட்டியைச் சொன்னேன், அவர் பேரில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் முகம் காதுவரை சிவந்துபோயிற்று.

"யாரைக் கேட்டு என் பேரைச் சொன்னீங்க?"

"யாரையும் கேக்கல. இப்ப நீங்க ஹர்கிஷன்பாயைக் கழட்டிவிட்டா அது தாராபென் காதுக்குப் போகும். அதுக்குப் பதிலா நீங்களே போய், 'நான் அனுப்பல, அது பொய்'னு சொல்லிட்டு வந்துடுங்க. உள்ளகூடப் போக வேணாம், வாசல்ல நின்னே சொல்லலாம். சாயங்காலம் எல்லாரும் இருப்பாங்க."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா."

அவர் இருமல் மருந்துப் புட்டிகளை இடம் மாற்றி அடுக்கினார். பிறகு பழையபடியே அடுக்கினார்.

"நீங்க அப்படிச் சொன்னதும் தாராபென் என்ன சொன்னாங்க?"

"ஆஸ்பத்திரியில அவர் கடைசிவரைக்கும் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தாராம்."

கிரீட்பாய் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வெள்ளைக்காரப் பெண் மருந்துச் சீட்டோடு உள்ளே வந்து, அவர் முதுகைப் பார்த்தபடி நின்றாள். நான் கையைக் காட்டிக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அவர் தோள் குலுங்குவது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

திரும்பியபோது தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வாத்தியத்துக்குத் தீட்டுன்னா கங்கா ஜலம் தெளிச்சாப் போதும். அப்புறம் மாதாஜி முன்னால வைக்கலாம். எங்கேயோ படிச்சிருக்கேன்."

அப்படி அவர் எங்கும் படித்திருக்க மாட்டார். எந்தப் புத்தகம் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது.

"ஆறரைக்கு ஆரம்பிக்கிறாங்க" என்றேன். "வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வாங்க."