சைதலவி திரும்பாத தெரு

“இதுல என் மோன் நௌஃபலோட ஜன்னல் எது?”

மஸ்கட்டில், ரூவி கடைத்தெருவின் உயரமான கட்டடங்களைக் காருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தபடி கதீசும்மா கேட்டார். அவர் மகனின் அறைத்தோழர்களான எங்களில் எவரைக் கேட்டிருந்தாலும் அன்று பதில் சொல்லியிருக்க முடியாது. ஊர் சுற்றிக் காட்டுவதில் மஸ்கட் மலையாளிகளிடம் பேர் வாங்கிய சைதலவியாலும் முடியவில்லை.

சைதலவி தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். வாரம் முழுவதும் முழங்கால்வரை ஈரமாக, தோளில் ரப்பர் குழாயோடு மாடிப்படி ஏறி இறங்குவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஆளே மாறிவிடுவார். சலவைக் கடை உறையிலிருந்து வெள்ளைச் சட்டை வெளியே வரும். இரண்டு காதுக்குப் பின்னாலும் அத்தர். முதலாளியின் மருமகனிடம் கெஞ்சி வாங்கிய வெள்ளைக் கார் வாசலில் நிற்கும். ஊரிலிருந்து யாருடைய உம்மாவோ அப்பச்சனோ விசிட் விசாவில் வந்திருப்பார்கள். அவர்களுக்கு ஊரைக் காட்டுவது தன் கடமை என்று அவராகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

“மந்திரி கிளம்பிட்டாரு, வழி விடுங்கப்பா” என்பான் கோட்டயத்து பிஜுமோன், கட்டிலில் படுத்தபடியே.

“நீ முதல்ல அந்தப் பனியனைத் துவைடா. மந்திரி கார் வரைக்கும் மணக்குது.”

வந்தவர்தான் முன் சீட்டில் உட்கார வேண்டும் என்பது அவர் சட்டம். பிள்ளைக்குப் பின் சீட்டு. முதலில் மத்ரா கடற்கரைச் சாலை. கடல், மலை, பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ‘நம்ம’ சேர்ப்பார். “நம்ம கடல் எப்படி?” என்று அவர் கேட்கும் தோரணையில், கடலை அவர்தான் காலையில் தண்ணீர் ஊற்றி நிரப்பிவைத்தவர் போலத் தோன்றும். வெயில் அதிகம் என்று யாராவது சொன்னால், “வெயிலெல்லாம் காருக்கு வெளியேதான்” என்று ஏசியைக் கூட்டுவார். படம் எடுக்க மட்டும் அரைமணி நேரம் ஆகும். தரையில் மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, குப்பைத் தொட்டி விழாமல், சாலையோரம் பெருக்கும் ஆள் விழாமல், வந்தவரின் தலைக்குப் பக்கத்தில் கோட்டை வந்து நிற்கும்வரை விடமாட்டார். பிறகு அல்வாக் கடை. கடைக்காரர் ஸுலைமான் சூடான அல்வாவை ஒரு கரண்டி நீட்டுவார், கூடவே கசப்பான கஹ்வா காப்பி. “சாப்பிடுங்க, நம்ம கடை.”

திரும்பும் வழியில் ஒரு ரவுண்டானா. அதில் இடப்பக்கம் ஒடித்தால் எங்கள் தெரு. சைதலவியின் வெள்ளிக்கிழமைக் கார் அங்கே நேராகத்தான் போகும். பையன் எங்கே தங்கியிருக்கிறான் என்று பெண்கள் கேட்டால் பதில் தயார்: “கம்பெனி குவார்ட்டர்ஸ். பெண்களை உள்ளே விடமாட்டாங்க. என்ன செய்ய, சட்டம் அப்படி.” இதில் பொய் கொஞ்சம்தான். இங்கே எல்லோரும் இப்படித்தான் காட்டுகிறோம். வந்தவர்கள் மனம் குளிர்ந்து ஊர் போய்ச் சேர வேண்டும். அதற்காக அடுத்தவன் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்வோம், அடுத்தவன் ஷூவுக்குள் காலைத் திணிப்போம்.

சைதலவி தன் மனைவி ஜமீலாவுக்கும் இதே ஊரை இதே வழியில்தான் காட்டினார். மூத்த மகள் கல்யாணத்துக்கு முந்திய வருடம் அது. சிநேகிதர் ஒருவர் தன் ஃப்ளாட்டைச் சாவியோடு கொடுத்தார். ஜமீலா மகிழ்ந்து திரும்பினார். இப்போது சைதலவிக்கு முட்டியை மடக்கினாலே வலிக்கிறது. ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று போனில் சொல்லும்போதெல்லாம் ஜமீலா சிரிக்கிறார். “அந்தக் கடலையும் காரையும் விட்டுட்டு இங்க வந்து கோழி மேய்க்கப் போறீங்களாக்கும்? நான்தான் கண்ணால பார்த்தேனே.” சைதலவி போனை வைத்துவிட்டு முட்டிக்குத் தைலம் தேய்ப்பார்.

கதீசும்மா நௌஃபலின் தாய். நௌஃபல் எங்கள் அறையில்தான் இருக்கிறான். ஒரு பேக்கரியில் அனல் அடுப்பின் முன்னால் நின்று குபூஸ் ரொட்டி சுடுகிறான். ஊரில் சொல்லியிருப்பதோ கடை மேனேஜர் என்று. உம்மா பத்து நாளைக்கு வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை கடல் பார்த்து, அல்வா தின்று, காரில் சாய்ந்து உட்கார்ந்ததும் அவருக்குப் பேச்சு வந்தது.

“போன மாசம் இவன் ஊருக்கே வந்துடறேன்னு அழுதான், சைதலவி. நெஞ்சுல தீ விழுந்த மாதிரி இருந்துச்சு. இப்ப பார்த்துட்டேனே! இன்னும் பத்து வருஷம் இங்கேயே இருடான்னு சொல்லிட்டேன். இந்த சொர்க்கத்தை எவனாவது விட்டுட்டு வருவானா?”

கண்ணாடியில் சைதலவிக்குத் தெரிந்தது நௌஃபலின் உச்சந்தலை மட்டும்தான்.

அதற்குப் பிறகுதான் கதீசும்மா ஜன்னலைக் கேட்டார். தயாராக இருந்த பதிலை சைதலவி சொன்னார்.

“குவார்ட்டர்ஸ், இத்தா. பெண்களை...”

“நான் உள்ளே வரலை, மோனே. கீழே இருந்து ஜன்னலைக் காட்டினாப் போதும். ராத்திரி இவன் போன் பேசும்போது அந்த ஜன்னலை நினைச்சுப்பேன்.”

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. பழைய வீடொன்றின் கார் ஷெட்டைப் பலகை வைத்து அடைத்தது அது.

ரவுண்டானா வந்தது. கார் நேராகப் போகவில்லை, ஒடிக்கவும் இல்லை. ஒரு முழுச் சுற்று சுற்றியது. பிறகு இன்னொன்று. பின்னாலிருந்த டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

“வழி மறந்து போச்சா?” என்றார் கதீசும்மா.

“வழி தெரியும், இத்தா.” சைதலவி கண்ணாடியைப் பார்த்தார். “டேய் நௌஃபல், சொல்லு. நேராப் போகவா?”

மூன்றாவது சுற்றும் பாதி ஆனது. நௌஃபல் தலையைத் தூக்கவில்லை. “திருப்புங்க, இக்கா” என்றான்.

பிஜுமோன் அப்போது முகமெல்லாம் சோப்பு நுரையோடு வாசலில் நின்றிருந்தான். வெள்ளைக் கார் விருந்தாளியோடு அந்தத் தெருவுக்குள் வருவதைப் பார்த்ததும், “அய்யோ, மந்திரிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு” என்று நுரையோடேயே பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.

கதீசும்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். கட்டிலுக்கு மேல் கட்டில். ஒவ்வொன்றுக்கும் பழைய போர்வையில் ஒரு திரை. பகலிலும் எரிகிற பல்பு. “உன்னுது எது?” என்றார். நௌஃபல் மேல் கட்டில் ஒன்றைக் காட்டினான். அவர் குதிகாலை உயர்த்திக் கையை நீட்டினார். மெத்தையின் விளிம்பு மட்டும்தான் எட்டியது. அதைத் தடவினார். பிறகு மகனின் கையைப் பிடித்துச் சட்டைக் கையை முழங்கைவரை மேலே தள்ளினார். அடுப்பு சுட்ட வடுக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. அழவும் இல்லை.

“நோம்புக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடு” என்றார். “கஞ்சி குடிச்சாலும் நம்ம ஜன்னலோரமா உக்காந்து குடிக்கலாம்.”

சைதலவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களை உறவுக்காரர் வீட்டில் இறக்கி, காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். பிஜுமோன் பாதி சவரத்தோடு எழுந்து வழி விட்டான். சைதலவி வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மூலையிலிருக்கும் தன் கட்டிலின் திரையை முழுதாக ஒதுக்கினார். தைலப் புட்டி, சுருட்டிவைத்த ஈர லுங்கி, நடுவில் குழிந்துபோன மெத்தை. போனை எடுத்து நின்ற இடத்திலிருந்தே ஒரு படம் பிடித்தார். மண்டியிடவில்லை, தலையைச் சாய்க்கவில்லை, எதையும் ஒதுக்கவில்லை. அப்படியே ஜமீலாவுக்கு அனுப்பினார்.

வளைகுடாவில் பிள்ளையோ புருஷனோ இருக்கிற வீடு ஒன்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதை அங்கே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.