இகாமரு வாங்கிய சிவப்பு அட்டை

தோரிசாகி ஊரில் ஓதாகிரி ஹிசாவோ என்று ஒருவர் இருக்கிறார். இருபத்தேழு வருஷம் கணவாய் மீனாக வேலை பார்த்து, போன மார்ச்சில் ஓய்வு பெற்றவர்.

ஆரம்பத்தில் அவரும் எல்லோரையும் போல மனிதராகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். உலர்ந்த கணவாய் விற்கும் கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. அந்தக் கம்பெனிக்கு 1968 முதல் ஒரு கால்பந்து அணி இருந்தது. காலையில் கணவாயைக் காயப்போட்டவர்கள் மாலையில் பந்து உதைத்தார்கள். எதிரணிகள் அவர்கள் ஆட்டத்துக்குப் பயந்ததைவிட அவர்கள்மேல் அடித்த வாடைக்குத்தான் அதிகம் பயந்தன. 1996-ல் கம்பெனி கையைக் கழுவிவிட, அணியை ஊரே எடுத்துக்கொண்டது. ஊர் அணி என்றால் ஒரு வெளிநாட்டுப் பெயர் வேண்டுமாம். பதினோரு பேர் கொண்ட கமிட்டி பதினான்கு கூட்டம் போட்டு, ஐரோப்பாவில் எங்கோ கணவாய்க்குச் சொல்கிற சொல்லை எடுத்து, அதன் வாலைக் கொஞ்சம் திருகி, 'கலமார்சா தோரிசாகி' என்று வைத்தது. மீன்பிடிக்கிற ஊரில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. 'நம்ம கணவாய்' என்றே கூப்பிட்டார்கள். இப்போதும் அப்படித்தான்.

பெயருக்குப் பின்னாலேயே, அணியின் சின்னமாக மைதானத்தில் உலாவ ஒரு பொம்மை வந்தது. இகாமரு. வெள்ளைக் கணவாய், பத்துக் கை, ஒன்றேகால் மீட்டர் உயரத்துக்குக் கூம்புத் தலை. உடையைத் தைத்து முடித்த பிறகுதான் உள்ளே போக ஆள் வேண்டும் என்பது கமிட்டிக்கு உறைத்தது. தைத்திருந்தது நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர் ஆளுக்கு. கம்பெனி அணியோடு சேர்த்துத் தள்ளிவிட்ட ஏழு குமாஸ்தாக்களில் அந்த உயரம் ஹிசாவோ ஒருவர்தான். ஏப்ரல் முதல் தேதி அவர் மேஜைக்கு மாற்றல் உத்தரவு வந்தது: 'சரக்குப் பிரிவிலிருந்து இகாமருவுக்கு.' மாற்றல் உத்தரவு வந்தால் ஏன் என்று கேட்கும் பழக்கம் அவர் அறிந்த யாருக்கும் இல்லை. பேனா டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

விதிகள் மூன்று. இகாமரு பேசாது. தலையைக் கழற்றுவதை யாரும் பார்க்கக்கூடாது. உள்ளே ஆள் கிடையாது. மூன்றாவது விதியை கிளப் உயிராகக் கடைப்பிடித்தது. சம்பளப் பட்டியலில் ஹிசாவோவின் வேலை 'மற்றவை' என்று இருந்தது. ஆட்டத்தன்று வழியில் பார்த்தால் தலைவரே அவரைத் தெரியாதவர் போலக் கடந்து போவார். ஆகஸ்ட் வெயிலில் உள்ளே மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற வேலை என்றார், நாக்கு உலர்ந்து கிடந்த ஹிசாவோ.

இதில் அதிகம் அடிபட்டது அவர் மனைவி மசுயோதான். அவளுக்கு விஷயம் தெரியும். வீட்டில் காயப்போடுகிற உள்பனியன்களின் எண்ணிக்கையை எந்த மனைவியிடம் மறைக்க முடியும்? ஆனால் வெளியே மூச்சு விடக்கூடாது. சனிக்கிழமை தவறாமல் காலையில் கிளம்பி, இருட்டும்போது முகம் சிவந்து, வியர்வையில் குளித்துத் தள்ளாடி வருகிற மனிதனைப் பற்றி அக்கம்பக்கம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. சூதாட்டக் கடைக்குப் போகிறார், போகிற வழியில் குடிக்கவும் செய்கிறார்.

"எதுத்த வீட்டம்மா நேத்து எனக்கு ஆறுதல் சொல்றா," என்பாள் மசுயோ. "'எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தாரு, அறுபது வயசுல திருந்திட்டாரு'ங்கிறா. நான் 'ஆமாங்க, ஆமாங்க'னு தலையாட்டிட்டு வரேன். என் தலையெழுத்து."

"விதி இருக்கு இல்ல, மசுயோ."

"கணவாய்க்குத்தான விதி. கணவாய் பொண்டாட்டிக்கு என்ன விதி?"

இனி அந்த 2004-ஆம் வருஷத்து அக்டோபர். வட்டார லீகின் கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழே இறங்கும். இறங்கினால் இனி ஒரு பைசா தரமுடியாது என்று நகராட்சி எழுதியே கொடுத்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது ஆட்டம். எண்பத்தெட்டாம் நிமிஷம் எதிரணிக்காரன் உதைத்த பந்து கோல்கீப்பரைத் தாண்டி, காலி கோலை நோக்கிச் சாவகாசமாக உருண்டது. அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கமிருந்து ஒரு காற்று. ஒன்றேகால் மீட்டர் தலையில் காற்று பிடித்தால் மனிதன் என்ன செய்ய முடியும்? கோலுக்குப் பக்கத்தில் நின்ற இகாமரு தத்தித் தத்தி மைதானத்துக்குள் வந்தது. பந்து அதன் கையில் பட்டு வெளியே போனது. காற்றுதான் தள்ளியது என்று ஹிசாவோ அன்று சொன்னார், இன்றும் சொல்கிறார். அன்று கொடிகள் எல்லாம் எந்தப் பக்கம் பறந்தன என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

வெளியாள் தொட்ட பந்து கோல் ஆகாது. ஆட்டம் சமனில் முடிந்தது, அணி தப்பியது. ஆனால் நடுவர் அந்த வருஷம்தான் தேர்வு எழுதி வந்தவர். கணவாய்க்குச் சிவப்பு அட்டை காட்டிவிட்டார். 'இடப்புறம் நான்காவது கையால் தடுத்தது' என்று அறிக்கையும் எழுதினார்.

எதிரணி ஊர் கொதித்தது. தப்பு செய்தவர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாக வேண்டும். செய்தது இகாமரு, ஆகவே இகாமருவே கேட்க வேண்டும் என்று கிளப் முடிவு செய்தது. நிருபர்கள் முன்னால் தலைவர் எழுந்து, "இகாமரு மனசார வருந்துகிறது," என்று படித்தார். இகாமரு குனிந்தது. அது குனிந்ததில் முதல் வரிசையின் ஒலிவாங்கிகள் நான்கும் சரிந்தன. அவற்றுக்காக இன்னொரு முறை குனிந்தது. அடுத்த வருஷத்தின் முதல் மூன்று ஆட்டங்களுக்குத் தடை. அந்த மூன்று சனிக்கிழமையும் ஹிசாவோ வீட்டில் இருந்ததைப் பார்த்து, திருந்திவிட்டார் என்று எதிர்வீட்டம்மா மசுயோவுக்கு ஒரு தர்பூசணி கொடுத்தாள்.

லீகுக்கு மன்னிப்புக் கடிதமும் போனது. இகாமரு எழுதுவதாகவே எழுதி, பத்துக் கைகளின் சார்பிலும் வருத்தம் தெரிவித்து, ஹிசாவோ உறையில் போட்டு அனுப்பினார்.

அதற்குப் பிறகு அணி ஏறியது, இறங்கியது, கடைசியில் தொழில்முறை லீகின் மூன்றாம் பிரிவுக்கே போய்ச் சேர்ந்தது. ஹிசாவோவின் முழங்கால் இரண்டும் தேய்ந்தன. அறுபத்தைந்து வயதில் ஓய்வு. பிரிவுபசார விழா வைக்க வழியில்லை. இகாமரு எங்கேயும் போகவில்லையே. தலைவர் ஒரு சான்றிதழ் கொடுத்தார். 'தாங்கள் பல்லாண்டுகளாக ஆற்றிய மற்றவைக்கு நன்றி' என்று அதில் இருந்தது.

அந்த வருஷமே கிளப் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டது. பொறுப்பு விளம்பரப் பிரிவின் சேனோ என்ற பெண்ணுக்கு. முப்பத்துநான்கு வயது, சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லத் தெரிந்தவள். ஹிசாவோ வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றைக் கேட்கப் போனார். மசுயோவும் கூடவே போனாள். தனியாக விட்டால் கேட்காமலே வந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒரே ஒரு எடத்துல என் பேரு வந்தா போதும், சேனோ-சான். சின்ன எழுத்துல இருந்தாலும் பரவாயில்ல."

சேனோ மேஜையைப் பார்த்தாள். "இகாமருவுக்கு நாலு பக்கம் இருக்கு, ஓதாகிரி-சான். கடல்ல பொறந்தது, எப்பவும் அஞ்சு வயசு. உள்ள யாரும் இல்ல."

"அப்ப இந்த முழங்கால் யாருதும்மா?" என்றாள் மசுயோ.

"எனக்குப் புரியுதுங்க. ஆனா..."

"இருபத்தேழு வருஷம். புல்லு வெட்டுற மெஷினுக்குக்கூட போட்டோ போட்டிருக்கீங்க."

ஹிசாவோ எழுந்து, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, மனைவியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். அன்று அவர் சோறு சாப்பிடவில்லை. பட்டியலிலாவது ஒரு வரி இருந்தால், தான் இருந்தது உண்மை என்று தனக்கே நம்பிக்கை வரும் என்றார்.

மூன்று வாரம் கழித்து சேனோவே வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு நகல்.

"சிவப்பு அட்டை வாங்கினவங்க பட்டியல் போடுறோம். லீக் பதிவேட்டுல இருக்கிறத ஒரு எழுத்து மாத்தாம போடணும். அதுல உங்க பேரு இருக்கு."

ஹிசாவோவுக்கு முதலில் விளங்கவில்லை. நகலைக் காட்டினாள். அந்த மன்னிப்புக் கடிதம். இகாமரு எழுதிய கடிதம்தான், சந்தேகமில்லை. ஆனால் கீழே, கையெழுத்து இடத்தில், சிவப்பு மையில் 'ஓதாகிரி' என்று அவர் வீட்டு முத்திரை விழுந்திருந்தது. முத்திரை குத்தாமல் ஒரு காகிதத்தை அவர் கை விட்டதே கிடையாது. குமாஸ்தா கை, தானாகக் குத்திவிட்டது. முத்திரை இருக்கிற காகிதத்தைச் சந்தேகப்படுகிற வழக்கம் லீக் ஆபீஸிலும் இல்லை. அங்கிருந்த குமாஸ்தா கிளப்பின் ஊழியர் பட்டியலைத் தேடி, முழுப் பெயரையும் பதவியையும் கண்டுபிடித்து எழுதிவிட்டார்.

"தலைவர் ரெண்டு நாள் தூங்கல," என்றாள் சேனோ. "பதிவேட்டத் திருத்தணும்னா, உள்ள ஆள் இருந்தாருன்னு நாங்களே எழுதிக் குடுக்கணும். அதுக்கு இது மேல்னுட்டாரு."

"நல்லா இருக்கு," என்றாள் மசுயோ. "இருபத்தேழு வருஷம் ஒழுங்கா இருந்ததுக்கு ஒரு வரி இல்ல. ஒரு நிமிஷம் அடாவடி பண்ணதுக்குப் புத்தகத்துல பேரு."

"காத்துதான்," என்றார் ஹிசாவோ.

புத்தகம் ஆகஸ்டில் வந்தது. மைதானத்துக்கு வெளியே மேஜை போட்டு விற்றார்கள். மசுயோ வரிசையில் நின்று வாங்கி, இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைப் பிரித்து, பின்னால் நின்ற தொகுமிட்சுவிடம் நீட்டினாள். சாராயக்கடை தொகுமிட்சு, சொந்த மைதானத்து ஆட்டம் ஒன்றையும் விடாதவர், ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பவர். ஹிசாவோ சூதாடி என்பதை ஊரில் முதலில் நம்பியவர்களில் அவரும் ஒருவர்.

"எங்க வீட்டுக்காரர் பேரு. பாருங்க."

தொகுமிட்சு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "'ஓதாகிரி ஹிசாவோ. மற்றவை. கையால் பந்தைத் தடுத்தல். 2004 அக்டோபர் 16.'" மறுபடி படித்தார். "தப்பா போட்டிருக்கானுங்க. அன்னிக்கு நான் இருந்தேன். நம்ம பசங்க பதினோரு பேரும் கடைசி வரைக்கும் நின்னாங்க. வெளிய அனுப்பினது..."

நிறுத்திக்கொண்டார். மசுயோவின் பக்கத்தில் நின்ற ஹிசாவோவின் தலையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், வளைந்துபோன முழங்கால்களைப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தால் இருபத்தேழு வருஷத்து விதி போச்சு. இல்லை என்று அசைத்தால் கிடைத்த ஒரு வரியும் போச்சு. ஹிசாவோ அசையாமல் நின்றார்.

தொகுமிட்சு புத்தகத்தை மூடி இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"அந்தப் பந்து உள்ள போயிருந்தா இன்னிக்கு இந்த கிளப்பே இல்ல," என்றார் மெதுவாக. பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "ஓதாகிரி-சான், இகாமருவ நான் கேட்டதா சொல்லுங்க."

ஹிசாவோவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சொல்றேன்," என்றார்.